பரணில் கிடக்கும் பழைய டிவியில் இன்றைய சேனல்கள்: முழுமையான வழிகாட்டி

ஷட்டர் வைத்த மரப்பெட்டியில் சாலிடேர், டயனோரா, கெல்ட்ரான், ஈசி டிவி. பின்னால் வந்த ஒனிடா, பிபிஎல், வீடியோகான். தமிழ்நாட்டில் பல வீடுகளில் பரணிலோ மாடி அறையிலோ இப்படி ஒரு செட் துணி போர்த்திக் கிடக்கிறது. யாராவது ஆசைப்பட்டு இறக்கித் துடைத்து பிளக்கைச் சொருகினால், திரை முழுக்கப் புள்ளி, ஸ்பீக்கரில் 'ஸ்ஸ்' என்று இரைச்சல். "செட்டு போச்சு" என்று பழைய சாமான்காரருக்கு எடைக்குப் போட்டுவிடுகிறார்கள். உண்மையில் அந்தப் புள்ளியும் இரைச்சலும் நல்ல சகுனம். பிக்சர் டியூப் எரிகிறது, ஒலிப் பகுதி பேசுகிறது. பிடிப்பதற்கு நிலையம்தான் இல்லை.

நிலையம் எங்கே போனது என்பது தெரிந்த கதை. சென்னையில் தூர்தர்ஷன் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. அன்று முதல் மொட்டை மாடி ஆன்டெனாவுக்கு வந்துகொண்டிருந்தது அனலாக் ஒளிபரப்பு. எல்லை ஓரம் போன்ற முக்கியமான இடங்களில் ஏறக்குறைய 50 டிரான்ஸ்மிட்டர்களை மட்டும் வைத்துக்கொண்டு, மற்ற அனலாக் டிரான்ஸ்மிட்டர்களை 2022 மார்ச் 31க்குள் நிறுத்திவிடப் போவதாக பிரசார் பாரதி 2021 அக்டோபரில் அறிவித்தது. கேபிளிலும் ஒயரை நேராக டிவியின் பின்னால் சொருகிப் பார்த்த காலம் முடிந்துவிட்டது. 2017இல் அரசு கேபிளும் செட்டாப் பாக்ஸுக்கு மாறியது.

இங்கே ஒன்றைப் புரிந்துகொண்டால் மீதி வேலை சுலபம். பழைய டிவிக்கு டிஜிட்டல் புரிய வேண்டியதே இல்லை. டிஷ்ஷிலிருந்தோ கேபிளிலிருந்தோ வருவதைப் பிரித்துப் படமாக்குவது செட்டாப் பாக்ஸின் வேலை. டிவிக்கு வேண்டியது ஒரே ஒரு அனலாக் சேனல். அதை வீட்டுக்குள்ளேயே நாம் உண்டாக்கிக் கொடுக்கப் போகிறோம்.

முதலில் செட்டைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள்

பின்பக்கத்தைப் பார்த்தாலே உங்கள் வழி எது என்று தெரிந்துவிடும்.

மஞ்சள், வெள்ளை அல்லது சிவப்பு நிற வட்டத் துளைகள் இருந்தால் அது ஏவி இன்புட் உள்ள செட், அதாவது படத்தையும் ஒலியையும் தனித்தனி ஒயரில் நேராக வாங்கிக்கொள்ளும். 1990களுக்குப் பிந்தைய பெரும்பாலான கலர் டிவிகளில் இருக்கும். சிலவற்றில் முன்பக்கம் ஒரு சிறு கதவுக்குள் ஒளிந்திருக்கும், அதையும் திறந்து பாருங்கள். இந்த வகையில் வேலை பத்து நிமிடம்தான்.

ஏவி இல்லாமல், கேபிள் ஒயர் சொருகும் வட்டமான ஆன்டெனா சாக்கெட் மட்டும் இருந்தால் அது இரண்டாவது வகை. இதற்கு ஏவியை டிவி சேனலாக மாற்றும் ஆர்எஃப் மாடுலேட்டர் என்ற சின்னப் பெட்டி ஒன்று வேண்டும்.

சாக்கெட்கூட இல்லாமல் இரண்டு ஸ்க்ரூ மட்டும் இருந்தால், அல்லது பட்டை ஒயர் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தால், அது பழைய கருப்பு வெள்ளை செட். மாடுலேட்டரோடு, கேபிள் ஒயரைப் பட்டை ஒயரோடு பொருத்தும் பேலன் ஒன்றும் வேண்டும். விவரம் பின்னால் வருகிறது.

கூடவே சேனல் மாற்றும் விதத்தையும் பாருங்கள். 'டக் டக்' என்று சுற்றும் நாப்பில் 2 முதல் 12 வரை மட்டும் எண் இருந்தால், அந்த செட்டுக்கு விஎச்எஃப் எனும் கீழ் அலைவரிசைச் சேனல்கள் மட்டும்தான் தெரியும். எட்டு அல்லது பன்னிரண்டு பட்டன்கள், அவற்றுக்குப் பக்கத்துக் கதவுக்குள் சின்னச் சக்கரங்கள், 1, 3, யு என்று நகரும் சுவிட்ச் எல்லாம் இருந்தால் அதற்கு மேலுள்ள யுஎச்எஃப் அலைவரிசையும் பிடிக்கும். மாடுலேட்டர் வாங்கும்போது இந்த விவரம்தான் காசை மிச்சப்படுத்தும்.

மின்சாரம் கொடுப்பதற்கு முன்

பல வருடம் சும்மா கிடந்த செட்டை இறக்கிய கையோடு பிளக்கில் சொருகாதீர்கள். உள்ளே இருக்கும் எலக்ட்ரோலிட்டிக் கபாசிட்டர்கள் சும்மா கிடந்தே கெடுபவை. திடீரென்று முழு வோல்டேஜ் வந்தால் வெடிக்கவும் செய்யும். அதோடு பல்லி, கரப்பான், எலி கடித்த ஒயர் எல்லாம் சேர்ந்திருக்கும்.

பின் மூடியைக் கழற்றி உட்புறம் பார்ப்பது நல்லதுதான், ஆனால் அதற்கு அனுபவம் வேண்டும். பிக்சர் டியூபின் பக்கவாட்டில் ரப்பர் தொப்பி போட்டு ஒரு தடித்த ஒயர் ஏறும். கலர் டிவியில் அந்த இடத்தில் ஓடும் மின்னழுத்தம் ஏறக்குறைய 25,000 வோல்ட். கருப்பு வெள்ளையில் அதில் பாதிக்கு முன்னே பின்னே. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் டியூப் அந்தச் சார்ஜைப் பிடித்து வைத்திருக்கும். பவர் பகுதியில் உள்ள பெரிய கபாசிட்டரிலும் 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கும். இதெல்லாம் பழக்கமில்லை என்றால் மூடியைத் தொடாதீர்கள். உங்கள் ஊரில் இன்னும் ஒரு பழைய டிவி மெக்கானிக் இருப்பார். அவரிடம் கொடுத்து தூசி ஊதி, காய்ந்த சால்டர்களைத் திரும்ப வைத்து, உப்பிய கபாசிட்டர்களை மாற்றி வாங்கிக்கொள்ளுங்கள். நான் சொல்லப்போகும் இணைப்பு வேலை எதற்கும் மூடியைத் திறக்க வேண்டியதில்லை.

மெக்கானிக்குகள் முதலில் செய்வது சீரிஸ் பல்ப் சோதனை. பழைய 100 வாட் குண்டு பல்ப் ஒன்றை டிவியோடு தொடராகப் போட்டு ஆன் செய்வார்கள். எல்இடி பல்ப் இதற்கு உதவாது. பல்ப் ஒரு கணம் பளிச்சென்று எரிந்து மங்கினால் நல்லது. முழு வெளிச்சத்தில் எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷார்ட். அங்கேயே நிறுத்திவிட வேண்டும். கலர் டிவியில் திரையின் காந்தத்தை நீக்கும் கம்பிச் சுருள் ஆரம்பத்தில் நிறையக் கரண்ட் இழுப்பதால் அந்த முதல் பளிச் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும், பயப்பட வேண்டாம். எஸ்எம்பிஎஸ் என்ற ஸ்விட்ச்சிங் பவர் சப்ளை உள்ள செட்டில் பல்ப் மினுக் மினுக்கென்று அடித்தால், கரண்ட் போதாமல் சப்ளை கிளம்பித் தடுமாறுகிறது என்று பொருளாக இருக்கலாம். இன்னும் பெரிய வாட் பல்ப் போட்டுப் பார்ப்பார்கள்.

ஃப்யூஸ் போயிருந்தால் அதே ஆம்பியரில் புதிது போடுங்கள். ஒயரைச் சுற்றி ஓட்டும் பழக்கம் இந்த வயதான செட்டுகளுக்கு எமன்.

மழைக்காலத்தில் இறக்கிய செட் என்றால் இரண்டு மூன்று நாள் காற்றோட்டமான நிழலில் வைத்துவிட்டு ஆன் செய்யுங்கள். உயர் மின்னழுத்தம் உண்டாக்கும் எல்ஓடி டிரான்ஸ்பார்மரைச் சுற்றி ஈரமும் தூசியும் சேர்ந்திருந்தால் 'சடசட'வென்று சத்தம் வரும், ஓசோன் வாசனையும் அடிக்கும். வந்தால் அணைத்துவிடுங்கள்.

எந்தப் பெட்டி வாங்குவது

வீட்டில் ஏற்கனவே கேபிள் பெட்டியோ டிடிஎச் பெட்டியோ இருந்தால் புதிதாக எதுவும் வாங்க வேண்டாம். பெரும்பாலான பெட்டிகள் எச்டிஎம்ஐ, ஏவி இரண்டிலும் ஒரே நேரத்தில் படம் தரும். எச்டிஎம்ஐ ஹாலில் இருக்கும் எல்இடி டிவிக்குப் போகட்டும். ஏவியைப் பழைய டிவிக்கு இழுங்கள். இரண்டிலும் ஒரே சேனல்தான் ஓடும், அவ்வளவுதான் குறை.

தனியாக ஒரு பெட்டி வேண்டும், மாதக் கட்டணம் வேண்டாம் என்றால் டிடி ஃப்ரீ டிஷ். 2004 டிசம்பரில் டிடி டைரக்ட் பிளஸ் என்ற பெயரில் வந்ததுதான் இது. டிஷ், அதன் முன்னால் சிக்னலைப் பிடிக்கும் எல்என்பி, பெட்டி, ஒயர் வாங்கும் செலவோடு முடிந்தது. டிடி தமிழ் வரும். பொதிகை என்று நாம் பழகிய சேனல்தான், 2024 ஜனவரியில் பெயர் மாறியது. தனியார் தமிழ்ச் சீரியல்களையும் சினிமாச் சேனல்களையும் எதிர்பார்த்து ஃப்ரீ டிஷ் வாங்கினால் ஏமாற்றம்தான். அதற்குக் கேபிளோ கட்டண டிடிஎச்சோதான் சரி.

வாங்கும்போது மூன்றைக் கவனியுங்கள். ஒன்று, பெட்டியில் ஏவி அவுட்புட் கட்டாயம் இருக்க வேண்டும். எச்டிஎம்ஐ மட்டும் உள்ள பெட்டிகள் வந்துவிட்டன. இரண்டு, டிஷ்ஷுக்கு டிவிபி-எஸ்2 என்ற செயற்கைக்கோள் முறைப் பெட்டி. ஆன்லைனில் மலிவாகத் தெரியும் டிவிபி-டி2 பெட்டி தரைவழி டிஜிட்டலுக்கானது. டிஷ் ஒயரை அதில் சொருகிப் பலனில்லை. மூன்று, பழைய டிவிக்கென்றே வாங்குகிறீர்கள் என்றால் எச்டி பெட்டிக்குக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். இந்தியாவின் பழைய டிவிகள் 625 கோடு, விநாடிக்கு 25 படம் என்ற பால் (PAL) முறையில் ஓடுபவை. எச்டி அல்லாத சாதாரண எஸ்டி சேனல்கள் வருவதும் படம் தெரியும் 576 கோடுகளில்தான். அளவுக்கு அளவு பொருந்திப் போகிறது. ஐம்பது அங்குல எல்இடியில் கசங்கித் தெரியும் எஸ்டி சேனல், 21 அங்குலப் பழைய டியூபில் கண்ணுக்கு இதமாகத் தெரிவதற்கு இதுதான் காரணம்.

டிஷ்ஷை யார் வைத்தாலும், திசை தெரிந்திருப்பது நல்லது. ஃப்ரீ டிஷ் வரும் ஜிசாட்-15 செயற்கைக்கோள் கிழக்கு 93.5 டிகிரியில் நிற்கிறது. சென்னையிலிருந்து பார்த்தால் அது தென்கிழக்கே, வடக்கிலிருந்து சுமார் 134 டிகிரியில், அடிவானத்திலிருந்து 68 டிகிரி உயரத்தில். கன்னியாகுமரியில் திசை இன்னும் கிழக்கே திரும்பி 116 டிகிரிக்கு வந்துவிடும். கிட்டத்தட்ட உச்சியைப் பார்ப்பதால் பக்கத்து வீட்டு மாடி அவ்வளவாகத் தடுக்காது. தலைக்கு மேல் வளைந்து நிற்கும் தென்னை மட்டை தடுக்கும். காற்றடிக்கும்போது மட்டும் படம் கட்டம் கட்டமாக உடைந்தால் மட்டையைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

ஏவி உள்ள செட்டில் இணைப்பது

டிவி, பெட்டி இரண்டின் பிளக்கையும் பிடுங்கிவிட்டு இணையுங்கள். பெட்டியின் அடாப்டரிலிருந்து சிறு கசிவு மின்சாரம் ஏவி ஒயரின் உலோகப் பகுதியில் இருக்கும். கையில் 'சுர்' என்று அடிப்பது அதுதான். ஆளை ஒன்றும் செய்யாது, ஆனால் பழைய டிவியின் ஐசியைப் போட்டுவிடக்கூடும்.

மஞ்சளை மஞ்சளில், வெள்ளையை வெள்ளையில் சொருகுங்கள். டிவியில் ஆடியோ துளை ஒன்றே ஒன்று என்றால் வெள்ளை மட்டும் போதும், சிவப்பு சும்மா தொங்கட்டும். மெனுவில் ஆடியோவை மோனோ ஆக்கும் வசதி இருந்தால் ஆக்கிவிடுங்கள்.

பெட்டியில் மூன்று துளைக்குப் பதிலாக ஹெட்போன் துளை போல ஒன்று மட்டும் இருந்தால், அதற்கான 3.5 மில்லிமீட்டர் ஏவி ஒயர் வேண்டும். இங்கே ஒரு வில்லங்கம். அந்தப் பின்னின் வளையங்களில் எது வீடியோ, எது எர்த் என்பது கம்பெனிக்குக் கம்பெனி வேறு. மஞ்சளைச் சொருகினால் படம் வராமல் ஸ்பீக்கரில் 'உர்ர்' என்று வந்தால் பெட்டி கெட்டுவிட்டது என்று நினைக்காதீர்கள். டிவி பக்கம் சிவப்பை மஞ்சள் துளைக்கு மாற்றிப் பாருங்கள். மூன்றையும் மாற்றி மாற்றிப் பார்த்தும் சரியாகவில்லை என்றால் எர்த் இடம் மாறிய ஒயர். அந்தப் பெட்டிக்கென்றே உள்ள ஒயரைக் கேட்டு வாங்க வேண்டும்.

பிறகு ரிமோட்டில் ஏவி பட்டன். ரிமோட் தொலைந்துபோயிருந்தால் டிவியின் சேனல் பட்டனைக் கீழ்நோக்கி அழுத்திக்கொண்டே போங்கள். பல செட்டுகளில் 0ஆம் நம்பர்தான் ஏவி.

படம் கருப்பு வெள்ளையாக வந்தால், அல்லது மேலும் கீழும் ஓடினால், பெட்டியின் மெனுவில் டிவி ஸ்டாண்டர்டு என்று ஒன்று இருக்கும். அது என்டிஎஸ்சி என்ற அமெரிக்க முறையில் இருக்கும், பாலுக்கு (PAL) மாற்றுங்கள்.

ஏவி இல்லாத செட்: மாடுலேட்டர்

இனிதான் விஷயமே. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் கடைகளிலோ ஆன்லைனிலோ கிடைக்கும் ஆர்எஃப் மாடுலேட்டர் என்பது தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய, தகரத்தாலான பெட்டி. ஒரு பக்கம் ஏவியை வாங்கிக்கொண்டு, மறுபக்கம் அதை ஒரு டிவி சேனலாக ஆக்கிக் கொடுக்கும். உங்கள் வீட்டுக்குள் ஒரு குட்டித் தூர்தர்ஷன் நிலையம். அந்த நாள் விசிஆருக்குள்ளும் வீடியோ கேமுக்குள்ளும் இதே சமாச்சாரம்தான் இருந்தது. பழுதாகி மூலையில் கிடக்கும் விசிஆர் இருந்தால், கேசட் ஓடாவிட்டாலும் அதன் ஏவி இன்புட்டும் மாடுலேட்டரும் வேலை செய்ய வாய்ப்புண்டு. ஆன் செய்து, ஏவி இன்புட்டைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். ஆனால் விசிஆர்கள் பெரும்பாலும் யுஎச்எஃப்பில் அனுப்புபவை, 36ஆம் சேனல் வாக்கில். 12 வரை மட்டும் எண் உள்ள நாப் செட்டுக்கு அது எட்டாது.

மாடுலேட்டர் வாங்குகையில் நிறையப் பேர் ஏமாறுவது ஒளிபரப்பு முறையில். அமெரிக்காவுக்கென்று செய்த மாடுலேட்டரில் 3, 4 என்று சுவிட்ச் இருக்கும். நம் டிவியிலும் 3, 4 இருக்கிறதே என்று வாங்கிவிடுவார்கள். இரண்டும் வேறு வேறு. நம் 3ஆம் சேனலின் படம் 55.25 மெகாஹெர்ட்ஸ், 4ஆம் சேனல் 62.25. அமெரிக்க 3ஆம் சேனல் 61.25. நம் 4ஆம் சேனலுக்கு ஒட்டி வருவதால் ஃபைன் டியூனிங்கைத் திருகினால் படம் கிடைத்துவிடும். ஒலிதான் வராது. நம் முறையில் படத்துக்கும் ஒலிக்கும் இடைவெளி 5.5 மெகாஹெர்ட்ஸ், அமெரிக்க முறையில் 4.5. எவ்வளவு திருகினாலும் இரண்டும் ஒன்றாகச் சேராது. ஆகவே பெட்டியின் மேல் பால் பி/ஜி என்றோ 5.5 மெகாஹெர்ட்ஸ் என்றோ போட்டிருக்கிறதா பாருங்கள். இலங்கையும் நம் முறையைத்தான் பின்பற்றியது. ராமநாதபுரம், கன்னியாகுமரிப் பக்கம் ஆன்டெனாவைத் திருப்பி வைத்து ரூபவாகினி பார்த்த வீடுகளில் ஒலியும் படமும் ஒழுங்காகக் கிடைத்ததற்கு அதுவும் ஒரு காரணம். கொழும்பில் வாங்கிய மாடுலேட்டர் இங்கேயும் ஓடும்.

சேனல் நாப் செட்டுக்கு விஎச்எஃப் 2, 3, 4 சேனல்களில் ஒன்றைத் தரும் மாடுலேட்டர் கேளுங்கள். கேபிள் ஆபரேட்டர்கள் பயன்படுத்திய பெரிய மாடுலேட்டர்கள் இப்போது பழைய விலைக்குக் கிடைக்கின்றன. படம் அருமையாக இருக்கும். ஆனால் தெரு முழுக்கச் சிக்னல் அனுப்புவதற்காகச் செய்தவை அவை, நேராக டிவியில் சொருகினால் அளவுக்கு மீறிப் போய்ப் படம் கிழியும். நடுவில் சிக்னலைக் குறைக்கும் 20 அல்லது 30 டெசிபெல் அட்டெனுவேட்டர் போட வேண்டும்.

இணைப்பது இப்படி.

1. எல்லா பிளக்குகளையும் பிடுங்குங்கள்.
2. பெட்டியின் மஞ்சள், வெள்ளை ஒயர்களை மாடுலேட்டரின் இன்புட்டில் சொருகுங்கள்.
3. மாடுலேட்டரின் ஆர்எஃப் அவுட்டிலிருந்து கேபிள் டிவி ஒயரை டிவியின் ஆன்டெனா சாக்கெட்டுக்கு இழுங்கள்.
4. சாக்கெட்டுக்குப் பதில் இரண்டு ஸ்க்ரூ என்றால் நடுவில் பேலன் போடுங்கள். கேபிள் ஒயர் 75 ஓம், பழைய பட்டை ஒயர் 300 ஓம். பேலன் ஒன்றை மற்றொன்றாக்கும். மேட்சிங் டிரான்ஸ்பார்மர் என்று கேட்டாலும் கடையில் தருவார்கள். அதன் இரண்டு கொக்கிகளையும் இரண்டு ஸ்க்ரூவிலும் மாட்டி இறுக்குங்கள், எது எதில் என்ற கணக்கு இல்லை.
5. பழைய மாடி ஆன்டெனா ஒயரைக் கழற்றி ஒதுக்கிவிடுங்கள். மாடுலேட்டரை எந்த ஆன்டெனாவோடும் சேர்க்கக் கூடாது. உங்கள் வீட்டு நிலையம் தெருவுக்கு ஒளிபரப்பாகிவிடும், அது சட்டப்படி தவறு.
6. முதலில் பெட்டியை ஆன் செய்து, அதன் மெனுவைத் திறந்து வையுங்கள். அசையாமல், எழுத்தோடு நிற்கும் திரை டியூன் செய்ய வசதி.

டியூன் செய்வதில் அவசரம் கூடாது. நாப் செட்டில் மாடுலேட்டரின் சேனலுக்குத் திருப்பி, அதைச் சுற்றியுள்ள வெளி வளையத்தை, அதாவது ஃபைன் டியூனிங்கை, மெல்லத் திருகுங்கள். ஒரு பக்கம் போகப் போகப் படம் கூர்மையாகும், பிறகு எழுத்துகளின் ஓரத்தில் நெளிவு வரும், ஒலி உறுமும். நெளிவு தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் நிறுத்துங்கள். நாப்பைத் தொட்டாலே படம் போய்ப் போய் வந்தால் உள்ளே உள்ள காண்டாக்ட்கள் கறுத்திருக்கின்றன. செட்டை அணைத்துவிட்டு நாப்பை எல்லாச் சேனலுக்கும் சேர்த்து இருபது முப்பது சுற்று சுற்றுங்கள். பெரும்பாலும் தேய்ந்தே சுத்தமாகிவிடும்.

பட்டன் செட்டில் ஒரு பட்டனை இதற்கென்று ஒதுக்கி, அதன் பேண்டு சுவிட்சைச் சரியான இடத்தில் வைத்து, சின்னச் சக்கரத்தைச் சுற்ற வேண்டும். அதைச் சுற்றுவதற்கென்று கதவின் உள்பக்கம் ஒரு பிளாஸ்டிக் குச்சி செருகியிருப்பார்கள். அனேகமாகத் தொலைந்திருக்கும். தீக்குச்சியைச் சீவிக்கொண்டால் போதும், இரும்பு ஸ்க்ரூ டிரைவர் வேண்டாம். சுற்றி முடித்ததும் ஏஎஃப்டி அல்லது ஏஎஃப்சி என்று சுவிட்ச் இருந்தால் அதை ஆன் செய்யுங்கள். டியூனிங் நகராமல் பிடித்துக்கொள்ளும்.

உள்ளேயே ஏவி எடுக்கலாமா?

மாடுலேட்டர் எதற்கு, போர்டில் வீடியோ வரும் இடத்தில் ஒரு ஒயரைச் சால்டர் செய்தால் படம் இன்னும் சுத்தமாக இருக்குமே என்று கேட்பவர்கள் உண்டு. படம் சுத்தமாகத்தான் இருக்கும். ஆபத்தும் அங்கேதான்.

அந்தக் காலத்துப் பெரிய செட்டுகள் பலவற்றில் டிரான்ஸ்பார்மர் கிடையாது. 230 வோல்ட்டை நேராக டயோடில் திருத்தி, அதன் ஒரு முனையையே சேசிஸாக, அதாவது உள்ளே உள்ள உலோகச் சட்டமாக, வைத்திருப்பார்கள். சேசிஸ் முழுக்க மெயின் கரண்ட். பிளக்கைத் திருப்பிப் போட்டாலும் சில செட்டுகளில் இது மாறாது. ஆன்டெனா சாக்கெட்டில் மட்டும் உயர் வோல்ட் கபாசிட்டர்கள் போட்டு மெயினைத் தடுத்திருப்பார்கள். அதனால்தான் மாடுலேட்டர் வழி பாதுகாப்பானது. போர்டிலிருந்து நேராக ஒயர் இழுத்தால் அந்த மெயின் உங்கள் செட்டாப் பாக்ஸின் உலோகத்துக்கும், அங்கிருந்து டிஷ் ஒயர் வழியாக மொட்டை மாடிக்கும் போகும். மாடியில் துணி காயப்போடுகிறவர் டிஷ்ஷைத் தொட்டால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

12 வோல்ட் பேட்டரியிலும் ஓடும் சின்ன கருப்பு வெள்ளை போர்ட்டபிள்களில் தனி டிரான்ஸ்பார்மர் இருக்கும், அவற்றில் இந்தப் பிரச்சினை குறைவு. அதையும் தெரிந்தவர்தான் செய்ய வேண்டும். மற்றவற்றுக்கு என் பதில், வேண்டாம்.

படத்தின் வடிவம்

இன்றைய சேனல்கள் 16:9 அகலத்தில் வருகின்றன, பழைய திரை 4:3. பெட்டியின் மெனுவில் டிவி வகையை 4:3 என்று முதலில் சொல்லிவிடுங்கள். பிறகு இரண்டு வழி. லெட்டர்பாக்ஸ் என்றால் மேலும் கீழும் கருப்புப் பட்டை, படம் முழுசாகத் தெரியும். பான் ஸ்கேன் என்றால் திரை நிறையும், ஆனால் இரு ஓரமும் வெட்டுப்படும். இரண்டும் செய்யாமல் விட்டால் எல்லோரும் ஒல்லியாக, நீட்டி இழுத்தது போலத் தெரிவார்கள்.

14 அங்குலத்தில் லெட்டர்பாக்ஸ் போட்டால் படம் மிகச் சின்னதாகிவிடும். சினிமாவுக்கு லெட்டர்பாக்ஸ், பேச்சும் பாட்டும் என்றால் பான் ஸ்கேன் என்று வைத்துக்கொள்ளலாம். செய்திச் சேனலுக்கு பான் ஸ்கேன் ஒத்துவராது. ஓடும் எழுத்தின் தலையும் வாலும் போய்விடும். அதற்கு மேல் பழைய டியூப் திரைகள் படத்தின் ஓரத்தைக் கொஞ்சம் சட்டத்துக்குப் பின்னால் தள்ளியேதான் காட்டும். ஸ்கோர், மணி, சேனல் சின்னம் ஓரத்தில் மறைந்தால் அது கோளாறு இல்லை, அந்தக் கால வடிவமைப்பு.

கருப்பு வெள்ளை செட்டில் கலர் அடர்ந்த இடங்களில் பொடிப் பொடியாகப் புள்ளிகள் ஊர்வதைப் பார்க்கலாம். கலர் தகவல் 4.43 மெகாஹெர்ட்ஸில் படத்தோடு சேர்ந்தே வருகிறது. அதைப் பிரித்தெடுக்கத் தெரியாத செட் அதையும் படமாகவே காட்டுகிறது. பெட்டி மெனுவில் கலர் அளவைப் பூஜ்யமாக்க முடிந்தால் புள்ளி போய்விடும், சாம்பல் நிறங்கள் அழகாக எழும்பி வரும்.

வரக்கூடிய தொல்லைகள்

படம் உருண்டுகொண்டே இருந்தால், பெட்டி பாலில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தும் உருண்டால் பின்பக்கமோ முன்பக்கமோ உள்ள வெர்டிகல் ஹோல்டு என்ற திருகைத் திருப்புங்கள். படம் சாய்ந்து கோடு கோடாகக் கிழிந்தால் ஹாரிசான்டல் ஹோல்டு. திரும்பத் திரும்ப நகர்ந்தால் உள்ளே கபாசிட்டர் வயதாகிவிட்டது.

வெள்ளை எழுத்து திரையில் வரும்போதெல்லாம் ஸ்பீக்கர் 'உர்ர்' என்றால் வீடியோ அளவு அதிகம். மாடுலேட்டரில் வீடியோ லெவல் திருகு இருந்தால் கொஞ்சம் குறையுங்கள். இல்லையென்றால் பெட்டியின் மெனுவில் கான்ட்ராஸ்டைக் குறைத்தாலும் ஓரளவு அடங்கும்.

படத்தில் ஒரு தடித்த நிழல்பட்டை மெல்ல மேலேறிக்கொண்டிருந்தால் அது மெயினின் 50 ஹெர்ட்ஸ் ஹம். டிவி, பெட்டி, மாடுலேட்டர் மூன்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸிலிருந்து ஓட்டுங்கள். போகவில்லை என்றால் மாடுலேட்டரின் அடாப்டரை மாற்றிப் பாருங்கள். மலிவான அடாப்டர்தான் பாதி நேரம் குற்றவாளி.

படம் மங்கலாகத் தொடங்கி, கால் மணி நேரம் கழித்துத் தெளிவானால் பிக்சர் டியூப் களைத்துவிட்டது. பிரைட்னஸைக் குறைத்து, அறையை இருட்டாக்கிப் பார்த்தால் இன்னும் சில காலம் ஓட்டலாம். பிரைட்னஸ் கூட்டுவது அதன் ஆயுளைக் குறைக்கும்.

திரையில் படமே இல்லாமல் நடுவில் ஒரு வெளிச்சக் கோடு மட்டும் நின்றால் உடனே அணையுங்கள். வெர்டிகல் பகுதி நின்றுவிட்டது. அப்படியே விட்டால் அந்தக் கோடு திரையின் உட்பூச்சான பாஸ்பரில் எரிந்து நிரந்தரத் தழும்பாகிவிடும்.

எச்டிஎம்ஐ மட்டும் உள்ள பெட்டி, ஸ்டிக்

ஆண்ட்ராய்டு ஸ்டிக்கோ ஏவி இல்லாத செட்டாப் பாக்ஸோ என்றால் நடுவில் எச்டிஎம்ஐ-ஏவி கன்வர்ட்டர் போடலாம். கடையில் பார்க்க ஒரே மாதிரி இரண்டு விற்பார்கள்: எச்டிஎம்ஐயை ஏவியாக்குவது ஒன்று, ஏவியை எச்டிஎம்ஐயாக்குவது மற்றொன்று. மேலே உள்ள அம்புக்குறியைப் படித்து முதல் வகையை வாங்குங்கள். அதற்கு 5 வோல்ட் யுஎஸ்பி சப்ளை தனியாகக் கொடுக்க வேண்டும், பக்கவாட்டில் உள்ள சுவிட்சைப் பாலில் வைக்க வேண்டும். ஏவி இல்லாத செட் என்றால் இதற்குப் பின்னால் மாடுலேட்டர். சில டிடிஎச் பெட்டிகள் நகல் தடுப்பு காரணமாக இந்தக் கன்வர்ட்டர்களுக்குப் படம் தர மறுக்கும்.

யூடியூப் ஓடும், ஆனால் அதன் மெனு எழுத்துகள் பழைய திரையில் எறும்பாகத் தெரியும். வீட்டில் இருக்கும் போனிலேயே வீடியோவைத் தேர்ந்தெடுத்து ஸ்டிக்குக்கு அனுப்பிவிடுவது சுலபம்.

எல்லாம் ஓடத் தொடங்கிய பிறகு மூன்றே பழக்கம் போதும். பார்த்து முடித்ததும் ரிமோட்டில் அணைத்துவிட்டுப் போகாமல், சுவர் சுவிட்சையும் அணைத்துவிடுங்கள். இடி மின்னல் என்றால் பிளக்கையும் டிஷ் ஒயரையும் சேர்த்தே கழற்றுங்கள். மாடியிலிருந்து வரும் ஒயர் வழியாகத்தான் பெட்டியும் மாடுலேட்டரும் டிவியும் வரிசையாகப் போகும். மாதத்துக்கு ஒன்றிரண்டு முறையாவது அரை மணி நேரம் ஓட்டுங்கள். கபாசிட்டர்களுக்கு அது நல்லது, உள்ளே குடியேறப் பார்க்கும் பல்லிக்கும் இடம் கிடைக்காது.